அயலார் ஆக்கிய பூங்கா

நியூயோர்க் மாநகரின் மன்ஹாட்டன் தீவிலே பவரி என்றொரு நெடுந்தெரு இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டிலே அங்கு குடியேறிய ஒல்லாந்தர், பண்ணை என்ற பொருளில் வழங்கிய சொல்லொன்றே நாளடைவில் திரிந்து அத்தெருவின் பெயராயிற்று. ஒல்லாந்தத் தேசாதிபதி பீற்றர் ஸ்ரைவெசண்டின் பண்ணைக்குச் செல்லும் பாதை அது. பண்ணை மறைந்தது, பெயர் மாத்திரம் நின்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்பெயரைக் கேட்டவர்களுக்கு மலிவான மதுக்கடைகளும் வீடற்றோர் படுத்துறங்கும் விடுதிகளுமே நினைவுக்கு வந்தன.

அத்தெருவும் ஹவுஸ்டன் தெருவும் கூடுகின்ற வடகிழக்கு மூலையிலே, 1973ஆம் ஆண்டில், ஒரு வெறுங்காணி கிடந்தது. இடிந்த கட்டடங்களின் கற்குவியலும் குப்பையுமே அதிலே நிறைந்திருந்தன. இன்று அங்கே மீன்களும் ஆமைகளும் வாழும் சிறு குளமொன்று இருக்கிறது. முந்திரிகைக் கொடி படர்ந்த பந்தல் இருக்கிறது. பழமரங்களும், மூலிகைகளும், காய்கறிப் பாத்திகளும், வெண்பட்டைப் பூர்ச்ச மரங்களின் சோலையும் இருக்கின்றன. இம்மாற்றத்தைச் செய்தவர்கள் நகரசபையாரல்லர். பூங்கா அமைக்கும் கலையிற் பட்டம் பெற்ற விற்பன்னருமல்லர். அப்பகுதியில் வாழ்ந்து, அக்காணியை நாள்தோறும் கடந்து சென்ற மக்களே அதனைச் செய்தனர். அவர்கள் அதை எவ்வாறு செய்தனர் என்பதும், செய்ததைக் காப்பதற்கு அவர்களைப் போன்றோர் பின்னர் எத்தகைய போராட்டத்தை நடத்த வேண்டியிருந்தது என்பதும் அறியத்தக்கவை.

நிலத்தின் விலை உலகப் பிரசித்தி பெற்ற ஒரு நகரிலே காணிகள் எவ்வாறு கவனிப்பாரற்றுக் கிடந்தன என்று கேட்கத் தோன்றும். 1970ஆம் ஆண்டுக்கும் 1980ஆம் ஆண்டுக்கும் இடையில் நியூயோர்க் நகரின் சனத்தொகை எட்டு இலட்சத்துக்கு மேலாகக் குறைந்தது. ஆலைகள் மூடப்பட்டன, வசதி படைத்தோர் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். ஏழை மக்கள் தங்கிய பகுதிகளிலே, கிடைக்கும் வாடகை வரிக்கும் திருத்தவேலைக்கும் போதாதெனக் கண்ட வீட்டுச் சொந்தக்காரர் பலர் தம் கட்டடங்களைக் கைவிட்டனர். காப்புறுதிப் பணத்துக்காக நெருப்பு வைத்தவர்களும் உண்டு. வரி செலுத்தப்படாத கட்டடங்கள் நகர நிருவாகத்தின் கைக்கு வந்தன; அது அவற்றை இடித்துத் தள்ளியது. ஆனால் இடித்த நிலத்தைப் பேணுவதற்கு அதனிடம் பணமில்லை. 1975இல் அந்நகரமே கடன் தீர்க்க வழியின்றி வங்குரோத்து நிலையை நெருங்கிற்று. இவ்வாறாக ஆயிரக்கணக்கான காணிகள், சட்டப்படி நகரத்துக்குச் சொந்தமாயும், நடைமுறையில் எவருக்கும் உரியவை அல்லாதனவாயும் கிடந்தன. எவருக்கும் உரியதல்லாத காணி விரைவிலே எல்லாருக்கும் குப்பைத் தொட்டியாகி விடும்.

லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியக் கலைஞர் அப்பகுதியில் வாழ்ந்தவர். அவரும் நண்பர் சிலரும் 1973இல் 'பச்சைக் கெரில்லாக்கள்' என்ற பெயருடன் ஒன்று கூடினர். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. மெல்லிய இறப்பர் உறைகளுக்குள் விதையும் பசளையும் நீரும் இட்டுக் கட்டி, கம்பி வேலிகளுக்கு மேலாக வெறுங்காணிகளுக்குள் எறிவதே அவர்கள் நடத்திய தாக்குதல். வாகனங்கள் விரையும் வீதிகளின் நடுத்திட்டுகளிலே சூரியகாந்தி விதைகளை ஊன்றினர். கைவிடப்பட்ட வீடுகளின் யன்னல்களிலே பூச்செடிப் பெட்டிகளை வைத்தனர். இவற்றால் நகரம் பூங்காவனமாகி விடவில்லை என்பது உண்மையே. எறிந்த விதைகளுள் முளைத்தவை எத்தனை, காய்ந்தவை எத்தனை என்று யாரும் கணக்கெடுக்கவுமில்லை. ஆயினும், பாழ்நிலம் என்பது விதியால் வந்ததன்று, கைவைத்தால் மாறக்கூடியது என்ற எண்ணம் அச்செயல்களால் வேரூன்றியது.

வேலிக்கு வெளியே நின்று விதையெறிவது ஒன்று. வேலிக்கு உள்ளே சென்று பொறுப்பேற்பது வேறொன்று. அக்குழுவினர் பவரி மூலையிலிருந்த காணியைக் கேட்டு நகர நிருவாகத்திடம் சென்றனர். 1974ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில், மாதம் ஒரு டொலர் வாடகைக்கு அக்காணி கிடைத்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயரில் பண்ணை என்ற சொல்லும் தோட்டம் என்ற சொல்லும் சேர்ந்திருந்தன. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அத்தெரு தன் பெயருக்குரிய பொருளை ஒரு மூலையிலேனும் மீண்டும் பெற்றது.

அதன் பின்னரே உண்மையான வேலை தொடங்கிற்று. கற்குவியலையும் குப்பையையும் தொண்டர்கள் அள்ளி அகற்றினர். வேலி அமைத்தனர். புதுமண் கொண்டுவந்து பரப்பினர். புதுமண்ணுக்கு அவசியமுண்டு. பழைய நகரங்களின் நிலத்திலே, இடிந்த வீடுகளின் வர்ணப்பூச்சிலிருந்தும் முற்காலத்துப் பெற்றோற் புகையிலிருந்தும் வந்த ஈயம் படிந்திருக்கும். அந்நிலத்தில் நேரே கீரை பயிரிட்டால் அந்நஞ்சு உண்பவரின் உடலைச் சேரும். குழந்தைகளுக்கு அது பெருங்கேடு. ஆகவே பலகைகளால் அடைத்து, நிலமட்டத்துக்கு மேலே நன்மண் நிரப்பிய உயர்பாத்திகள் இத்தகைய தோட்டங்களுக்கு ஏற்றவை. பவரியில் முதலில் அமைந்தவை 60 உயர்பாத்திகள். அவற்றிலே காய்கறிகள் பயிராயின. பின்னர் மரங்களும் பூஞ்செடிகளும் சேர்ந்தன. தண்ணீருக்கு என்ன செய்வது? தீயணைப்புப் படையினர் பயன்படுத்தும் தெருக்குழாயை, அனுமதி பெற்றுத் திறந்து நீரெடுப்பதே நியூயோர்க் நகரத் தோட்டக்காரரின் வழக்கமாயிற்று.

அயலவர் கூடி ஓரிடத்தை அமைப்பதென்றால் அதன் முறை யாது என்பது இங்கே விளக்கப்பட வேண்டியது. நிபுணர் ஒருவர் முதலிலே படம் வரைவார். அப்படம் நிறைவேறியதும் வேலை முடிந்துவிடும். அயலவரிடமோ படம் இல்லை, தேவை இருக்கிறது. ஒருவருக்குத் தக்காளி நட வேண்டும். இன்னொருவருக்குப் பிள்ளையுடன் அமர்ந்திருக்க நிழல் வேண்டும். முதியவருக்குக் குனியாமல் எட்டக்கூடிய பாத்தி வேண்டும். எந்த மூலையில் காலைவெயில் விழும், எங்கே மழைநீர் தேங்கும், எவ்வழியால் மக்கள் குறுக்கே நடப்பர் என்பனவெல்லாம் ஒரு பருவம் அங்கு வேலைசெய்த பின்னரே தெரியவரும். தவறான இடத்தில் அமைந்த பாதை அடுத்த ஆண்டில் மாறும். காய்க்காத மரத்துக்குப் பக்கத்தில் வாங்கு ஒன்று தோன்றும். இம்முறை மெதுவானது, சச்சரவு மிக்கது, பார்வைக்கு ஒழுங்கற்றதாயும் தோன்றலாம். ஆனால் பிழையைத் திருத்தும் அதிகாரம், அப்பிழையால் இடர்ப்படுபவரின் கையிலேயே இருக்கும். வேறெந்த முறையிலும் இது எளிதிற் கிட்டுவதில்லை.

அதே நகரத்திலே, அதே காலத்திலே, நிபுணர் வரைந்த பூங்கா ஒன்று பட்டபாட்டை நோக்கினால் இது தெளிவாகும். நாற்பத்திரண்டாம் தெருவில், பொது நூலகத்தின் பின்புறத்தே உள்ளது பிரயண்ட் பூங்கா. 1934இல் அது சிறந்த முறையிலே திருத்தியமைக்கப்பட்டது. அமைதி வேண்டுமென்று கருதி, தெருமட்டத்துக்கு மேலாக அதனை உயர்த்தி, இரும்புவேலியாலும் செடிவேலியாலும் மறைத்தனர். விளைவோ வேறாயிற்று. உள்ளே நடப்பது தெருவிலிருப்பவருக்குத் தெரியாமற் போகவே, 1970களில் அது போதைப்பொருள் விற்போரின் புகலிடமாயிற்று. அதனை ஆராய்ந்த வில்லியம் வைற் என்பவர், பொது இடங்களிலே மக்கள் எங்கே அமர்கின்றனர், எங்கே நிற்கின்றனர் என்பதைப் படம்பிடித்து ஆண்டுக்கணக்காக அவதானித்தவர். தீயோர் வந்ததால் நல்லோர் விலகவில்லை. நல்லோர் நுழைய அமைப்பு இடங்கொடாமையாலேயே தீயோருக்கு அது வாய்ப்பாயிற்று என்பது அவர் கண்ட முடிபு. நகர்த்தக்கூடிய நாற்காலி ஒன்று கிடைத்தால், மனிதர் அமருமுன் அதை ஓரிரு அங்குலமாவது நகர்த்திக்கொள்வர் என்பதையும் அவர் கவனித்தார். வெயில் நிழல் காரணமாக மட்டுமன்று. அவ்விடத்தைத் தமதாக்கிக் கொள்ளும் சிறு செயல் அது. மூடித் திருத்தப்பட்ட அப்பூங்கா, 1992இல் அத்தகைய நாற்காலிகளுடனும் கூடுதலான வாயில்களுடனும் மீண்டும் திறக்கப்பட்டு மக்கள் நிறைந்த இடமாயிற்று. அங்கே மக்களை நன்கு அவதானித்த அறிஞர் ஒருவர் வழிகாட்டினார். பவரி மூலையிலோ அவதானித்தவரும் அமைத்தவரும் பயன்படுத்தியவரும் ஒருவராகவே இருந்தனர்.

எந்த நிபுணரும் வரைந்திருக்க மாட்டாத தோட்டங்களும் இம்முறையாலே தோன்றின. தென் புறொங்ஸ் பகுதியிலே குடியேறியிருந்தவர்களுட் பலர் புவேர்ட்டோ றிக்கோத் தீவினர். எரிந்தும் இடிந்தும் கிடந்த காணிகளிலே அவர்கள் 'காசிட்டா' எனப்படும் சிறு மரவீடுகளை எழுப்பினர். வாழ்வதற்கான வீடுகளல்ல அவை. கூடியிருந்து கதைப்பதற்கும், இசைப்பதற்கும், சமைத்துண்பதற்கும் உரியவை. தம் நாட்டுப்புறத்தில் உள்ளவாறே, பளிச்சென்ற வர்ணம் பூசி, முன்புறத்தே விறாந்தையும் வைத்தனர். அதன் முன்னே புல்லை வளர்க்கவில்லை. கூட்டிப் பெருக்கிய வெறும் மண்முற்றத்தையே வைத்தனர். பொம்பா, பிளேனா என்ற தம் இசைக்கும் ஆடலுக்கும் அதுவே களம். நகரசபைப் பொறியியலாளர் கண்ணுக்கு அது அனுமதியின்றி எழுந்த கொட்டிலும், புல் முளைக்காத தரையுமாம். பசும்புல்லே பூங்காவின் இலக்கணம் எனக் கற்றவருக்கு முற்றத்தின் அருமை புலப்படுவது அரிது. பிள்ளைகள் ஓடியாடும் முற்றத்தை நாள்தோறும் கூட்டி வளர்ந்தவருக்கு அதனை விளக்க வேண்டியதுமில்லை. இத்தகைய காசிட்டாக்களுள் 1970களில் தோன்றிய 'றின்கோன் கிறியோயோ' பெயர் பெற்றது.

நிற்க, இக்காணிகளின் உறுதி யாருடைய பெயரில் இருந்தது? நகரத்தின் பெயரிலேயே இருந்தது. இவ்வரலாற்றின் நோவெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

1978இல் நகர நிருவாகம் 'கிறீன் தம்ப்' என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. தோட்டக்காரருக்குச் சிறு வாடகையிலே காணிகளைக் குத்தகைக்கு விடுவதும், மண், பலகை முதலிய பொருள்களை உதவுவதும் அதன் பணி. நன்மை பயத்த திட்டமே அது. ஆயினும் அக்குத்தகைகள் தற்காலிகமானவை. காணி வேறு தேவைக்கு வேண்டப்பட்டால் தோட்டக்காரர் வெளியேற வேண்டும். பாழ்நிலத்தை எவரும் விரும்பாத காலத்தில் இந்நிபந்தனையை எவரும் பெரிதுபடுத்தவில்லை. நிலத்தின் விலை மீண்டும் ஏறத் தொடங்கியபோதுதான் அதன் கூர்மை தெரிந்தது.

முதல் எச்சரிக்கை 1986 சனவரியில் வந்தது. அடம் பேர்ப்பிள் என்ற புனைபெயர் கொண்ட ஒருவர், எல்றிட்ஜ் தெருவருகே 1975 முதலாக, வட்டத்துள் வட்டமாக விரியும் விந்தையான தோட்டமொன்றை வளர்த்து வந்தார். குதிரைச் சாணத்தை மத்திய பூங்காவிலிருந்து சைக்கிளிலே ஏற்றிவந்து மண்ணை உண்டாக்கியவர் அவர். 15,000 சதுர அடி பரந்த அத்தோட்டம் சிறிது நேரத்தில் புல்டோசரால் அழிக்கப்பட்டது. அவ்விடத்தில் எழுந்தவை மாளிகைகளல்ல. வருமானம் குறைந்தோருக்கான வீடுகளே. இதனை மறைப்பது நேர்மையாகாது. வீடற்றவனுக்கு வீடா, அயலவருக்குத் தோட்டமா என்ற வினா எழும்போது, தோட்டமே என்று உடனே விடை கூறுதல் எவருக்கும் எளிதன்று. ஆனால் ஏழைகளின் இவ்விரு தேவைகளையும் ஒரே காணியிலே மோதவிட்டது யார் என்ற வினாவையும் அதனோடு சேர்த்தே கேட்டல் வேண்டும்.

அதற்குப் பின் வந்தது பெரும்புயல். 1998இல், மேயர் றூடொல்ஃப் ஜூலியானியின் நிருவாகம் 700க்கு மேற்பட்ட தோட்டக் காணிகளை, விற்பனைக்கோ கட்டடங்களுக்கோ ஏதுவாக, வீடமைப்புத் திணைக்களத்துக்கு மாற்றியது. அவ்வாண்டு யூலையில் நடந்த காணி ஏலமொன்றின்போது எதிர்ப்பாளர் மண்டபத்துக்குள்ளே ஆயிரக்கணக்கான சில்வண்டுகளை அவிழ்த்துவிட்டனர்; ஏலம் கூறும் குரலைவிடச் சில்வண்டுகளைக் கண்டவர்களின் கூச்சல் ஓங்கியிருக்கும். 1999 மே மாதத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தோட்டங்கள் ஒரே நாளில் ஏலம் போகவிருந்தன. மேயரோ தம் வானொலி நிகழ்ச்சியிலே, இது கட்டற்ற சந்தைப் பொருளாதாரம், பொதுவுடைமைக் காலம் முடிந்துவிட்டது என்ற கருத்துப்படப் பேசினார். தக்காளிப் பாத்தி வைத்திருந்த மூதாட்டிகள் தாம் அத்துணை பெரிய அரசியற் கோட்பாட்டைப் பயிரிட்டதாக எண்ணியிருக்க மாட்டார்கள்.

மக்கள் வீதிகளில் இறங்கினர். சூரியகாந்திப் பூவைப் போல் உடையணிந்த ஒருவர் நகர மண்டபத்துக்கு முன்னுள்ள மரத்திலேறி அமர்ந்தார். நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபர் எலியற் ஸ்பிற்சர், இக்காணிகள் பல்லாண்டுப் பயன்பாட்டினாலே பூங்காக்களின் நிலையை அடைந்துவிட்டன என்றும், உரிய ஆய்வின்றி விற்றல் முறையன்று என்றும் நீதிமன்றத்தில் வாதிட்டார். ஏலத்துக்கு முந்திய நாளிலே உடன்பாடு ஏற்பட்டது. பொதுநிலங்களைக் காக்கும் நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனமொன்றும், பாடகியும் நடிகையுமான பெட் மிட்லர் நிறுவிய அமைப்பும் சேர்ந்து 42 இலட்சம் டொலருக்கு அத்தோட்டங்களை வாங்கிக் காப்பாற்றின. மக்கள் தம் கையால் ஆக்கிய பெறுமதியை மக்களுக்காகவே பணம் கொடுத்து மீட்க வேண்டியிருந்தது என்பது கசப்பான செய்திதான்.

அவ்வேலத்திற் சேராத தோட்டங்கள் எல்லாமே தப்பிவிடவில்லை. கிழக்கு ஏழாம் தெருவிலிருந்த 'எஸ்பெரன்சா' என்ற தோட்டத்தில், புவேர்ட்டோ றிக்கோ மக்கள் போற்றும் கொக்கீ என்னும் சிறு தவளையின் பேருருவமொன்றை அமைத்து, அதனுள்ளே இரவும் பகலும் காவலிருந்தனர். 2000 பெப்ரவரியில் காவலர் அவர்களை அகற்ற, புல்டோசர் நுழைந்தது. தோட்டங்களை அழிப்பதை நிறுத்திவைக்கும் நீதிமன்ற ஆணை அதே நாளிலேயே பிறந்தது. அத்தோட்டத்துக்கு அது பிந்திவிட்டது. எஸ்பெரன்சா என்பது ஸ்பானிய மொழியில் நம்பிக்கை எனப் பொருள்படும்.

மேயர் மாறிய பின்னர், 2002இல், வழக்கு இணக்கத்தில் முடிந்தது. ஏறக்குறைய 400 தோட்டங்கள் காக்கப்பட்டன. வேறு சில வீடமைப்புக்கு விடப்பட்டன. எஞ்சியவற்றை எடுப்பதாயின் முன்னறிவித்தலும் மாற்றுக் காணியும் வேண்டுமென விதிகள் வந்தன. இன்று அத்திட்டத்தின் கீழ் 550க்கு மேற்பட்ட தோட்டங்கள் உள்ளன. முதல் விதையை எறிந்த லிஸ் கிறிஸ்டி இவற்றைக் காணவில்லை. அவர் 1985இல் மறைந்தார். பவரித் தோட்டம் இப்போது அவர் பெயரால் வழங்குகிறது.

உறுதி கிடைத்தவுடன் எல்லாம் நன்றாயிற்று என்று கூறிவிட இயலாது. பூட்டிய வேலிக்குள்ளே இருக்கும் தோட்டம் பொதுத் தோட்டமா என்ற குறை நெடுங்காலமாக எழுந்து வருகிறது. பூட்டு இல்லாவிடின் இரவிலே திருட்டும் சேதமும் நேரும். பூட்டிவிட்டால் திறவுகோல் உள்ள சிலரின் தனியுடைமை போலாகிவிடும். வளரும் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமாவது வாயில் திறந்திருக்க வேண்டும் என்பது நகரத்தின் விதி. தொண்டர்கள் முறைவைத்து வாயிலில் இருந்து அதனை நிறைவேற்றுகின்றனர். ஆள் கிடைக்காத வாரங்களில் இவ்விதி பெருஞ்சுமையாகிறது.

இன்னொரு சிக்கல் இதனினும் பெரிது. நியூயோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் நகரின் தோட்டங்களை அண்டிய வீட்டு விலைகளை ஆராய்ந்தனர். தோட்டம் தோன்றியதும் சூழவுள்ள 1,000 அடிக்குள் வீட்டு விலைகள் உயர்ந்தன என்றும், மிக வறிய பகுதிகளிலேயே அவ்வுயர்வு மிகுதி என்றும், அங்கே ஐந்தாண்டுகளுக்குள் அது ஏறத்தாழ 9 வீதத்தை எட்டியது என்றும் அவர்கள் கண்டனர். சொந்த வீடுள்ளவருக்கு இது மகிழ்ச்சி. வாடகைக்கு இருப்பவருக்கோ இது கவலை. பாழ்நிலத்தைச் சுத்தஞ் செய்தவன், தான் உண்டாக்கிய அழகின் காரணமாகவே அப்பகுதியிற் குடியிருக்க முடியாதவனாகலாம். பவரித் தோட்டத்தின் அருகே இன்று உயர்வாடகைக் குடிமனைகள் எழுந்து நிற்கின்றன. அவற்றின் யன்னல்களிலிருந்து பூர்ச்சமரச் சோலை நன்றாகத் தெரியும்.

றின்கோன் கிறியோயோ அமைத்தவர்களும் தம் காணியை இழந்தவர்களே. 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் அது வீடமைப்புக்கு வேண்டப்பட்டபோது, அவர்கள் அயலிலே வேறொரு காணியைக் கேட்டுப் பெற்றனர். அங்கே மீண்டும் மரவீட்டை எழுப்பி, விறாந்தை வைத்து, முன்னே மண்முற்றத்தையும் அமைத்துக்கொண்டனர்.